டிராக்டர் டிராலிகளுக்குக் கூடுதல் பிரேக் விளக்கு: பின்புற மோதல்களைக் குறைக்குமா?

புது தில்லி: வட இந்தியாவில் கரும்பு அரவைப் பருவமும் பனிமூட்டப் பருவமும் ஒரே மாதங்களில் வருகின்றன. நவம்பர் தொடங்கி ஏப்ரல் வரை உத்தரப் பிரதேசம், ஹரியாணா, பஞ்சாப் மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவு பகலாகச் சர்க்கரை ஆலைகளை நோக்கி ஊர்ந்து செல்கின்றன. டிசம்பர் பிற்பகுதியிலும் ஜனவரியிலும் அதே சாலைகளை மூடுபனி மறைத்துவிடுகிறது. டிராக்டர் இழுத்துச் செல்லும், அங்கு 'டிராலி' என அழைக்கப்படும் இழுவண்டியின் பின்புறத்தில் எரியும் விளக்கு ஒன்றுகூட இல்லாத நிலையில், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அது தெரியவருவது பெரும்பாலும் கடைசி சில விநாடிகளில்தான்.

பனிமூட்டம் இல்லாத காலத்திலும் இந்த ஆபத்து நீங்குவதில்லை. 2024 அக்டோபர் 4-ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில், உத்தரப் பிரதேச மாநிலம் மிர்சாபூர் மாவட்டத்தில், வேலை முடிந்து 13 தொழிலாளர்கள் ஊர் திரும்பிக் கொண்டிருந்த டிராக்டர் டிராலி மீது பின்னால் வந்த லாரி மோதியதில் 10 பேர் உயிரிழந்தனர். 2025 ஆகஸ்ட் 25-ஆம் தேதி அதிகாலை, அதே மாநிலத்தின் புலந்த்சஹர் மாவட்டத்தில், ராஜஸ்தானின் கோகாமேடிக்குச் சென்றுகொண்டிருந்த பக்தர்களின் டிராலி மீது கன்டெய்னர் லாரி பின்புறமாக மோதியது. குறைந்தது 8 பேர் பலியாகினர். இவ்விரு விபத்துகளுக்கும் விளக்கின்மைதான் காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால், மெதுவாகச் செல்லும் திறந்த வண்டி, வேகமாக வரும் கனரக வாகனம், இருள் ஆகிய மூன்றும் சேரும்போது என்ன நேரும் என்பதை இரண்டும் காட்டுகின்றன.

மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, அந்த ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். மோதல் வகைகளில் முதலிடம் வகித்தது பின்புற மோதலே. மொத்த விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமானவை அவ்வகையைச் சேர்ந்தவை.

இந்தப் பின்னணியில், டிராலியின் பின்புறம் கூடுதலாகப் பிரேக் விளக்குகளைப் பொருத்துவது எந்த அளவுக்குப் பயன்தரும், அதை எவ்வாறு செய்ய வேண்டும், சட்டம் என்ன சொல்கிறது என்பவை கவனத்துக்குரிய கேள்விகளாகின்றன.

இரண்டு வெவ்வேறு செய்திகள்

வாகனத்தின் பின்புறச் சிவப்பு விளக்குகள் இரண்டு தனித்தனிச் செய்திகளைச் சொல்கின்றன. மங்கலாகத் தொடர்ந்து எரியும் பின்விளக்கு, 'இங்கே ஒரு வாகனம் இருக்கிறது' என்கிறது. பெடலை மிதிக்கும்போது மட்டும் பளிச்சென எரியும் பிரேக் விளக்கு, 'இந்த வாகனம் வேகத்தைக் குறைக்கிறது' என்கிறது. டிராலிகளைப் பொறுத்தவரை முதல் செய்தியே பெரும்பாலும் சென்று சேர்வதில்லை. எனவே பின்விளக்கும் ஒளி எதிரொளிப்புப் பட்டைகளும் இல்லாத டிராலியில் பிரேக் விளக்கை மட்டும் கூடுதலாக்குவது, கதவில்லாத வீட்டுக்குப் பூட்டு வாங்குவதைப் போன்றதே.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டிராக்டர் ஓட்டுநர்கள் எல்லா நேரமும் பிரேக்கை மிதித்து வேகத்தைக் குறைப்பதில்லை. கையால் இயக்கும் திராட்டிலைக் குறைத்தாலே, கனமான சுமையோடு செல்லும் டிராக்டர் தானாக மெதுவாகிவிடும். அப்போது பிரேக் விளக்கு எரியாது. பழுதாகிச் சாலையோரம் நிற்கும் டிராலியிலும் அது எரியாது. அத்தகைய தருணங்களில் மின்சாரமே தேவைப்படாத எதிரொளிப்புப் பட்டை மட்டுமே உதவும்.

அப்படியானால் பிரேக் விளக்கு தேவையில்லையா? தேவைதான். அதன் மதிப்பை எளிய கணக்கொன்று விளக்குகிறது.

பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்கும் கீழே குறையும்போது இந்திய வானிலை ஆய்வு மையம் அதை மூடுபனி எனக் கணக்கிடுகிறது. 50 முதல் 200 மீட்டர் வரை இருந்தால் அடர் பனிமூட்டம். 50 மீட்டருக்கும் குறைந்தால் மிக அடர் பனிமூட்டம். 50 மீட்டர் தொலைவு வரை மட்டுமே தெரியும் ஓர் அதிகாலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒன்று வருவதாகக் கொள்வோம். முன்னால் டிராலி 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான வேக வேறுபாடு விநாடிக்கு சுமார் 11 மீட்டர். ஓட்டுநர் கண்டு, உணர்ந்து, பிரேக்கை மிதிக்க 2 விநாடிகள் ஆகும் எனக் கொண்டால் இடைவெளியில் 22 மீட்டர் கரைந்துவிடும். உலர்ந்த சாலையில் சுமை லாரி ஒன்று டிராலியின் வேகத்துக்கு இறங்குவதற்குள் மேலும் 15 மீட்டர் போகும். மொத்தம் 37 அல்லது 38 மீட்டர். மயிரிழையில் தப்பலாம்.

இப்போது அதே டிராலி நின்றுகொண்டிருக்கிறது, அல்லது நிற்கப் போகிறது. லாரி முழுமையாக நின்றாக வேண்டும். அதற்குத் தேவைப்படும் தொலைவு ஏறத்தாழ 68 மீட்டர். தெரிவதோ 50 மீட்டர். முன்னால் செல்வது மெதுவாகச் செல்லும் வண்டியா, நிற்கும் வண்டியா என்பதை லாரி ஓட்டுநர் எவ்வளவு விரைவில் அறிகிறார் என்பதே உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடாகிறது. பின்விளக்கால் அந்த வேறுபாட்டைச் சொல்ல முடியாது. பிரேக் விளக்கால் முடியும்.

லாரியின் வேகம் 80 கிலோமீட்டராக இருந்தால், டிராலி ஓடிக்கொண்டிருந்தாலும்கூட அதே 68 மீட்டர் தேவைப்படும் என்பது குறிப்பிடத்தக்கது. அந்த வேகத்தில் எத்தனை விளக்குகளைப் பொருத்தினாலும் போதாது. யமுனா விரைவுச்சாலையில் அண்மை ஆண்டுகளாகப் பனிக்காலத்தில் வேக வரம்பு குறைக்கப்படுவதற்கு இத்தகைய கணக்கே அடிப்படை.

ஆய்வுகள் கூறுவது

கூடுதல் பிரேக் விளக்கு விபத்துகளைக் குறைக்குமா என்பது அமெரிக்காவில் நீண்ட காலம் ஆராயப்பட்ட கேள்வி. 1974-ஆம் ஆண்டு உளவியலாளர் ஜான் வோவோட்ஸ்கி, சான் பிரான்சிஸ்கோ நகரின் வாடகைக் கார்கள் சிலவற்றில் கூடுதல் பிரேக் விளக்கைப் பொருத்தினார். அவ்விளக்கு இல்லாத கார்களோடு ஒப்பிட்டபோது, பின்புற மோதல்கள் சுமார் 60 சதவீதம் குறைந்திருந்தன. இத்தகைய சோதனைகளின் தொடர்ச்சியாக, 1986-ஆம் ஆண்டு மாடல் முதல் அந்நாட்டில் விற்கப்படும் கார்களுக்கு உயரத்தில் அமைந்த மூன்றாவது பிரேக் விளக்கு கட்டாயமாக்கப்பட்டது.

பின்னர் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. எல்லாக் கார்களிலும் அவ்விளக்கு வந்த பிறகு பலன் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் சுமார் 8.5 சதவீதமாக இருந்த குறைவு, பின்னர் 4.3 சதவீதத்தில் நிலைகொண்டது என அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 1998-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் தெரிவித்தது. புதுமையாக இருந்தவரை கண்ணைக் கவர்ந்த விளக்கு, பழகியதும் தன் ஈர்ப்பில் பாதியை இழந்தது எனலாம். ஆயினும், ஒரு சிறு விளக்குக்கு 4.3 சதவீதம் என்பது மலிவான வெற்றியே என்று அந்த அமைப்பு கருதியது.

இவை கார்களில் நடந்த ஆய்வுகள். இந்தியச் சாலைகளின் டிராலிகளுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்துவது சரியாகாது. எனினும் இவற்றிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: விளக்கின் எண்ணிக்கையைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். காரின் மூன்றாவது விளக்கு பலன் தந்ததற்கு அது உயரத்திலும் பின்விளக்குகளிலிருந்து விலகியும் இருந்ததும் ஒரு காரணம்.

டிராலியில் இந்த இடப் பிரச்சினைதான் மிகப் பெரியது. கரும்பு, டிராலியின் பின்பலகையையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கங்களிலும் தொங்கும். அடிச்சட்டத்தின் உயரத்தில் விளக்கைப் பொருத்தினால் தோகையும் கழியும் அதை மூடிவிடும். டிராக்டரிலேயே அமைந்த விளக்குகளோ சுமைக்கு முன்னால் எங்கோ இருக்கும். பின்னால் வருபவர் கண்ணில் படவே படாது. மேலே பொருத்தினால் ஆலையில் சுமை இறக்கும்போது சங்கிலியும் கிரேனும் விளக்கை நொறுக்கிவிடும். இதனால்தான் வாங்கிப் பொருத்திய விளக்குகள்கூட ஒரு பருவம் தாங்குவதில்லை.

நடைமுறையில் எளிய வழி, கழற்றி மாட்டக்கூடிய விளக்குப் பலகை. இரு முனைகளிலும் பின்விளக்கு, பிரேக் விளக்கு, திசைகாட்டி ஆகியவற்றைக் கொண்ட ஒரு நீளப் பலகையைச் சுமை ஏற்றிய பின் கரும்புக் கட்டின் கடைசி முனையில் கட்டிவிட்டு, ஒயரைச் செருகியில் இணைக்க வேண்டும். ஆலை வாயிலில் அதைக் கழற்றி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடலாம். அப்பலகையிலேயே சிவப்பு எதிரொளிப்புப் பட்டையையும் ஒட்டிவிட்டால் ஒயர் அறுந்தாலும் முதல் செய்தி தப்பிப் பிழைக்கும்.

இணைப்பில் நேரும் தவறுகள்

டிராக்டர்களில் இழுவண்டிக்கென அமையும் ஏழு முனைச் செருகிக்குப் பன்னாட்டுத் தர நிர்ணயம் உண்டு. 12 வோல்ட் வாகனங்களுக்கான அந்த அமைப்பில், 6-ஆம் முனையின் சிவப்பு ஒயர் பிரேக் விளக்குக்கும், 3-ஆம் முனையின் வெள்ளை ஒயர் எர்த் இணைப்புக்கும், 5, 7 ஆகியவை வலது, இடது பின்விளக்குகளுக்கும், 1, 4 ஆகியவை திசைகாட்டிகளுக்கும் உரியவை. ஆனால் டிராலிகள் பெரும்பாலும் உள்ளூர்ப் பட்டறைகளில் வெல்டிங் செய்து உருவாக்கப்படுபவை. அங்கு ஒயரின் நிறம் அன்றைக்குக் கையில் கிடைத்த சுருளைப் பொறுத்தது. எனவே நிறத்தை நம்பாமல், ஒவ்வொரு முனையையும் சோதனை விளக்கால் உறுதிசெய்துகொள்வதே பாதுகாப்பானது.

பழைய இழை பல்புகளைக் கூடுதலாக்கினால் என்ன ஆகும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பிரேக் பல்பு ஒன்று 21 வாட். இரண்டு பல்புகளுக்கு சுமார் 3.5 ஆம்பியர் மின்சாரம் தேவை. நான்கு பல்புகளுக்கு 7 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டிராலியின் கடைசி முனை வரை 9 மீட்டர், திரும்பி வர 9 மீட்டர் என 18 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் தடிமன் கொண்ட செம்பு ஒயரைப் பயன்படுத்தினால், இரண்டு பல்புகளின்போது வழியிலேயே சுமார் 1.1 வோல்ட் இழக்கப்படும். நான்கு பல்புகளின்போது 2.2 வோல்ட் போய்விடும்.

இழை பல்பின் ஒளி, மின்னழுத்தம் குறைவதைவிடப் பன்மடங்கு வேகமாகக் குறையும் இயல்புடையது. முதல் நிலையில் ஒவ்வொரு பல்பும் தன் முழு ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் தரும். இரண்டாம் நிலையில் பாதியைத்தான் தரும். பல்புகளை இரட்டிப்பாக்கியும் மொத்த ஒளி ஏறத்தாழ 40 சதவீதமே கூடுகிறது. அதற்கு விலையாக, பிரேக் பெடலின் சுவிட்சு சூடாகித் தேய்கிறது. ஃபியூஸ் போனால் பழையதும் புதியதுமாக எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்துவிடும். கூடுதல் பாதுகாப்புக்காகச் செய்தது இருந்ததையும் இழக்கச் செய்யும் இந்த நிலை, பட்டறைகளில் அரிதானதன்று.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. ஒன்று, ரிலே. பெடலின் சுவிட்சிலிருந்து வரும் சிறு மின்னோட்டம் ரிலேயை இயக்க மட்டும் பயன்பட, விளக்குகளுக்கான மின்சாரம் தனி ஃபியூஸ் வழியாக நேரடியாகப் பேட்டரியிலிருந்து செல்லும். மற்றொன்று, எல்இடி விளக்கு. சில வாட் மட்டுமே எடுத்துக்கொள்ளும் எல்இடி விளக்குகள் இரண்டைச் சேர்த்தாலும் பழைய சுவிட்சுக்கும் ஒயருக்கும் பெரிய சுமை ஏறாது. மேலும், இழை பல்பு சூடாகிப் பளிச்சிட எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட எல்இடி சுமார் 0.2 விநாடி முன்னதாகவே எரிந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்கு அது 3 மீட்டருக்கும் சற்று அதிகம். மேற்கு மகாராஷ்டிரத்தில் ஒரே டிராக்டர் இரண்டு டிராலிகளை இழுத்துச் செல்வது வழக்கம். அங்கு மின்சாரம் இரண்டு செருகிகளையும் இரண்டு மடங்கு நீள ஒயரையும் கடந்து செல்ல வேண்டியிருப்பதால் எல்இடியைத் தவிர வேறு வழி இல்லை என்றே கூறலாம்.

எர்த் இணைப்பு பலரும் அலட்சியப்படுத்தும் பகுதி. இழுவைக் கொக்கியின் இரும்பு வழியாகவே எர்த் கிடைத்துவிடும் என்று வெள்ளை ஒயரை விட்டுவிடுகின்றனர். கொக்கியில் கிரீஸும் துருவும் மண்ணும் இருக்கும்; பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் இணைப்பு விட்டுவிட்டு வரும். பிரேக்கை மிதித்தால் திசைகாட்டி மங்கலாக எரிவது, விளக்கைப் போட்டால் பிரேக் விளக்கு மினுங்குவது ஆகியவை எர்த் கோளாறின் அறிகுறிகள். அந்நிலையில் பல்பை மாற்றுவதால் பயனில்லை.

மலிவான எல்இடி விளக்குகளில் இன்னொரு குறையும் காணப்படுகிறது. வழக்கமான அமைப்பில் பின்விளக்கு 5 வாட், பிரேக் விளக்கு 21 வாட் என்பதால் இரண்டுக்குமான வேறுபாடு தெளிவாகத் தெரியும். சில எல்இடி விளக்குகளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்தில் எரிகின்றன. பிரேக்கை மிதித்தும் பின்னால் வருபவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஐரோப்பிய விதிமுறைகளில் பிரகாசமான பின்புறப் பனிமூட்ட விளக்குக்கும் பிரேக் விளக்குக்கும் இடையே 100 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி வேண்டும் என வரையறுக்கப்பட்டிருப்பதும் இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே. சிவப்பு ஒளி பனியை ஊடுருவிச் செல்லும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் நிறத்தால் கிடைக்கும் ஆதாயம் ஏதுமில்லை. பிரகாசமும் இடமும்தான் கணக்கு.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் திசைகாட்டிகள், பிரேக் விளக்குகள் குறித்து 102-ஆவது விதியும், எதிரொளிப்பான்கள் குறித்து 104-ஆவது விதியும், விளக்குகள் குறித்து 105-ஆவது விதியும் பேசுகின்றன. எனவே பிரேக் விளக்கு என்பது விருப்பத்தேர்வு அல்ல. கூடுதலாகச் சேர்ப்பது எங்கே எல்லை மீறுகிறது என்பதே கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. உற்பத்தியாளரின் வடிவமைப்புக்கு மாறான திருத்தங்கள் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 அபராதம் விதிக்கப்படலாம். தரச் சான்று பெற்ற, சிவப்பு நிறத்தில் மினுக்காமல் நிலையாக எரியும் விளக்கை உரிய இடத்தில் சேர்ப்பதையும், பல வண்ணங்களில் மினுக்கும் அலங்கார விளக்குகளைத் தொங்கவிடுவதையும் ஒன்றாகக் கருத முடியாது. ஆயினும் பொருத்துவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. பட்டறையில் செய்த டிராலிகளில் பலவும் பதிவே செய்யப்படாதவை என்பதால், அவற்றின் விளக்குகளை எவரும் ஆய்வு செய்வதில்லை என்பது தனிச் சிக்கல்.

ஒவ்வொரு அரவைப் பருவத்தின் தொடக்கத்திலும் ஆலை வளாகங்களில் போக்குவரத்துக் காவல் துறையினர் டிராலிகளுக்கு எதிரொளிப்புப் பட்டை ஒட்டும் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. அவை பயனுள்ளவையே. ஆனால் சேறும் தோகைத் தூசும் சில நாள்களில் அப்பட்டையை மறைத்துவிடுகின்றன. துடைப்பது யார் பொறுப்பு என்பது எங்கும் எழுதப்படவில்லை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் குடும்பத்தோடு இடம்பெயரும் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள், பாத்திர பண்டங்களோடும் குழந்தைகளோடும் இதே டிராலிகளில்தான் பயணிக்கின்றனர். விளக்கின் செலவு உரிமையாளருடையது. அது இல்லாததன் விலையை அவர்களே கொடுக்கின்றனர்.

புறப்படுவதற்கு முன் விளக்குகளைச் சோதிக்க இரண்டாவது ஆள் இருந்தால் போதும். தனியாக இருப்பவர், இருட்டிய பின் டிராலியின் பின்புறத்தை ஒரு சுவருக்கு அருகே நிறுத்திப் பெடலை மிதித்தால், சுவரில் படியும் சிவப்பு ஒளி கூடுவதைத் திரும்பிப் பார்த்தே அறியலாம். டிராக்டர்களில் இடது, வலது சக்கரங்களுக்கெனத் தனித்தனிப் பிரேக் பெடல்கள் இருப்பதால், இரண்டையும் தனித்தனியாக மிதித்துப் பார்க்க வேண்டும். ஒன்றை மிதித்தால் எரிந்து மற்றொன்றை மிதித்தால் எரியாவிட்டால் சுவிட்சின் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும். சோதனை முடிந்து சாலையில் ஏறும் முன், வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்த அவ்விரு பெடல்களையும் இணைக்கும் கொண்டியைப் போட்டுவிட வேண்டும். இல்லையெனில் பிரேக் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்து, பின்னாலிருக்கும் சுமை டிராக்டரைத் திருப்பிவிடும்.